இழை: ஏறும் மீன், இறங்கும் மீன், ‘ஸ்ட்ரெஸ்’ ஆகும் மீன் – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

கோபி (கோபிசெட்டிபாளையம்), உயிரியல் ஆசிரியை – திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

பவானி ஆற்று மீன்களைப் பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் தயாராகிறது. பாதி மொழிபெயர்ப்பு, பாதி நாங்களே எழுதியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்ற பக்கங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே ஒரு பத்தியில் மூன்று நாளாக நிற்கிறேன்.

அந்தப் பத்தி சொல்வது இதுதான். கடலில் வளர்ந்து முட்டையிட ஆறு ஏறும் மீன்கள் உண்டு. ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கு இறங்கும் மீன்கள் உண்டு. ஆற்றுக்குள்ளேயே மேலும் கீழும் போய்வருபவையும் உண்டு. அணையும் சாயக்கழிவும் சூடேறிய தண்ணீரும் இவற்றுக்கு ‘ஸ்ட்ரெஸ்’ கொடுக்கின்றன. அதனால் மீனின் நடத்தை மாறுகிறது.

முதல் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அனாட்ரோமஸ், கெட்டாட்ரோமஸ், பொட்டமோட்ரோமஸ் என்று பெயர். வகுப்பில் ‘குடிபெயரும் மீன்’ என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப மறுபடி வராதுங்களா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். வரும் என்றால் அது குடிபெயர்வதாகாது. ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கு ‘மன அழுத்தம்’ என்றேன். “மீனுக்கு மனசு இருக்குதுங்களா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி. அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

நான்கு சொல் வேண்டும். பிள்ளைகள் வாயில் நுழைய வேண்டும். உதவுங்கள்.


கோவை, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு) – செவ்வாய் காலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் மூலச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். அனா மேல்நோக்கி, கட்டா கீழ்நோக்கி, பொட்டமோஸ் ஆறு. மையர்ஸ் என்ற மீனியல் அறிஞர் 1949-ல் இந்தச் சொற்களை வரையறுத்து ஒழுங்கு செய்தார். ஆற்றுக்குள்ளேயே ஓடுவதற்குப் பொட்டமோட்ரோமஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆக, எல்லாவற்றுக்கும் உயிர் ‘ஓட்டம்’.

ஓடும் மீனுக்குச் சொல் தேட நாம் எங்கும் போக வேண்டாம். ‘மடைத்தலையில் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடியிருக்குமாம் கொக்கு’ என்று மூதுரை நமக்குத் திண்ணைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டது. ஓடுமீன் வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும். ‘உறு’ உரிச்சொல், ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள’ என்பது தொல்காப்பியம். ஆகவே உறுமீன் பெருமீன். மடைத்தலையில் முதலில் சிறு மீன் ஓடும், பெரியது பின்னால் வரும் என்ற வரிசை அந்தக் கொக்குக்குத் தெரிந்திருக்கிறது. மீன் நடத்தையை நம்மவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வெண்பா போதும்.

நாடோடி என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? அதே வார்ப்பில் ஏறோடி, இறங்கோடி, ஆறோடி. மூன்றும் ஐந்தெழுத்துக்குள் அடங்குகின்றன.

‘வலசை’யை யாராவது முன்மொழிவார்கள் என்று தெரியும். தெலுங்கில் வலஸ, கன்னடத்தில் வலஸெ. படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதற்குச் சொன்ன சொல் அது. நமக்கு வேண்டாம்.


ஈரோடு, மொழிபெயர்ப்பாளர் – செவ்வாய் மதியம்

ஐயா, ஆறோடி அழகான சொல். நாடோடியோடு ஒட்டி நிற்பதால் கேட்டவுடன் புரிகிறது. ஆனால் ஏறோடி என்றால் எங்கள் காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் காதில் ஏரோட்டி என்றுதான் விழும். ஏர் ஓட்டுகிற மீன் எது என்று கேட்பார்கள்.

வலசையைத் தெலுங்கு என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் குடியிருப்பது ஈரோட்டில். பக்கத்தில் பெரியவலசு. சென்னிமலைப் பக்கம் போனால் குமாரவலசு. பாளையத்துக்கும் பட்டிக்கும் அடுத்தபடி கொங்கு நாட்டில் ஊர்ப் பெயருக்கு வால் ‘வலசு’தான். வேறிடத்திலிருந்து வந்தவர்கள் குடிசை போட்டு, கிணறு வெட்டி, நிலைத்த இடம் வலசு என்றுதான் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரிலேயே உட்கார்ந்துவிட்ட சொல்லை எந்த எல்லைக்கு அப்பால் அனுப்புவது?

இன்னொன்று. வெள்ளோட்டு ஏரிக்கு வரும் பறவைகளை நாளிதழ்கள் வலசைப் பறவைகள் என்றே எழுதுகின்றன. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. பறவைக்கு ஒன்று மீனுக்கு ஒன்று என்று கொடுத்தால், இரண்டும் ஒரே வகைச் செயல் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?


கோவை, தமிழ்ப் பேராசிரியர் – செவ்வாய் மாலை

> வலசு என்றுதான் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்

வலசும் வலசையும் ஒன்றா என்பதே கேள்வி. வல் என்னும் வேர் வளைவைக் குறிக்கும். வலம், வலை, வளை, வளாகம், வளவு எல்லாம் அதன் வழி வந்தவை. நம் பக்கத்தில் வீட்டு மனையை இன்றும் ‘வளவு’ என்கிறோம். சுற்றிலும் வேலி வளைத்துக் குடியிருந்த இடமே வலசு என்று நான் கருதுகிறேன். அப்படியானால் வலசு நின்ற இடத்தைச் சொல்கிறது, போன வழியைச் சொல்லவில்லை. இதை நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

தூய சொல் வேண்டுமென்றால் பட்டினப்பாலையில் இருக்கிறது: ‘மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள்’. புகாரில் வந்து கலந்து இனிதிருந்த வேற்றுநாட்டாரைச் சொல்கிறது. புலம்பெயர் மீன் என்று எழுதுங்கள். ஈராயிரம் ஆண்டுச் சொல்.


டொராண்டோ – செவ்வாய் இரவு

ஐயாவுக்கு மரியாதையுடன். பட்டினப்பாலையில் இருப்பது உண்மை. ஆனால் இன்றைக்குப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்றால் அது எங்கட சனம். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல். என்ர பிள்ளைகள் அந்த ஊரைக் கண்டதில்லை. மீன் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும், அல்லது அதன் குஞ்சு திரும்பும். அந்தச் சொல்லை மீனுக்குக் கொடுத்தால் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சில ஒன்று குத்தும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கோ.

வலசைக்கும் படைக்கு அஞ்சி ஓடுவது என்றுதான் பழைய பொருள் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. ஆனால் பறவைகள் அந்தச் சொல்லைக் கழுவித் தந்துவிட்டன. இப்ப அதைக் கேட்டால் திரும்பி வருகிற ஒன்றுதான் நினைவுக்கு வருகுது.


பவானிசாகர், மீன்வளத்துறை (ஓய்வு) – புதன் காலை

நான் சொல்லாராய்ச்சி செய்பவன் இல்லை. மீன் பார்த்தவன். மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆடி மாதம் புதுத்தண்ணீர் வரும்போது பரிசல்காரர் என்ன சொல்வார்? “மீன் ஏறுதுங்க” என்பார். தண்ணீர் வடியும்போது “இறங்கீருச்சுங்க” என்பார். இதற்கு மேல் எந்தக் கிரேக்கமும் வேண்டாம். ஏறுவலசை, இறங்குவலசை, ஆற்றுவலசை. மூன்றும் முடிந்தது.

எடுத்துக்காட்டும் அவரவர் ஆற்றிலேயே இருக்கிறது. ஏறுவலசைக்கு உல்லம். கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிட்ட மீன். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் அந்த மீன்பிடிப்பு விழுந்துவிட்டது. கங்கையில் 1975-ல் பராக்கா தடுப்பணை வந்தபோது இதே உல்லத்துக்கு, அங்கே ஹில்ஸா என்பார்கள், இதே கதிதான். இறங்குவலசைக்கு விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியில் வரும் அதே விலாங்கு, பல வருடம் ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும். அதன் குஞ்சு, நூல் மாதிரி, கண்ணாடி மாதிரி இருக்கும். கடலிலிருந்து மறுபடி ஆறேறி வர வேண்டும். ஒரு அணை இருந்தால் போதும், மேலே விலாங்கு இல்லாமல் போக. ஆற்றுவலசைக்கு நம் மஹசீர். மாயாற்றில் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் மேலேறிப் பரல் கற்கள் மேல் முட்டையிடும். காவிரிக்கே உரிய அந்தத் திமில் மஹசீரை 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தார்கள்.

ஓட முடியாத மீனுக்கு என்ன ஆகும் என்பதையும் நூலில் எழுதுங்கள் டீச்சர். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கையிலிருந்து நாம் கொண்டுவந்த மீன். ஓடும் வெள்ளம் இல்லாமல் குளத்தில் முட்டையிடாது. 1957-ல் ஹிராலால் சௌதுரி என்ற மீன் ஆய்வாளர் ஒடிசாவில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்று நாம் தின்னும் வளர்ப்பு கட்லா, ரோகு, மிர்கால் பெரும்பாலும் அந்த ஊசியின் வழி வந்ததுதான். வெள்ளம் செய்த வேலையை ஊசி செய்கிறது.

‘ஸ்ட்ரெஸ்’ பற்றி மாலையில் எழுதுகிறேன். அதுதான் நிஜமான சிக்கல்.


சத்தியமங்கலம், பொதுப்பணித்துறை ஓவர்சியர் (ஓய்வு) – புதன் மதியம்

ஏறுவலசைக்கு என் ஒப்புதல். ஒரு சின்ன எச்சரிக்கை: ‘ஏற்றம்’ என்று பெயர்ச்சொல்லாக ஆக்கிவிடாதீர்கள். ஏற்றம் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. எங்கள் தாத்தா காலத்தில் ஏற்றமும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையும் இருந்த தோட்டம் எங்களுடையது. ஏற்றக்காரர் மேல்மரத்தில் நடந்துகொண்டே பாடுவார்... சரி, அது வேறு கதை.


பவானிசாகர், மீன்வளத்துறை (ஓய்வு) – புதன் இரவு

‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கு ‘அழுத்தம்’ கூடவே கூடாது. அதே நூலில் நீரழுத்தம் வரும். ஆழத்தில் மீன் தாங்குவது நீரழுத்தம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பிள்ளை குழம்பும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தேடுவது எளிது. மீன் ஒன்றைக் கண்டு மிரண்டாலோ, தண்ணீர் கெட்டாலோ, நிமிடக் கணக்கில் அதன் இரத்தத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும். நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பி மீனுக்குத் தனியாக இல்லை. அந்தச் செல்கள் தலைப்பக்கத்துச் சிறுநீரகத்துக்குள்ளேயே கலந்திருக்கும். இது முதல் படி. பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறும், செவுள் வேகமாக அடிக்கும், உப்புக் கணக்கு தடுமாறும். இது இரண்டாம் படி. தொந்தரவு நாள்கணக்கில் நீடித்தால் வளர்ச்சி நிற்கும், நோய் பிடிக்கும், வயிற்றில் இருக்கும் முட்டையை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கூட்டத்தை விட்டு விலகும், ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. இது மூன்றாம் படி. பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேகமூட்டமான நாலு நாளைக்குப் பின் ஒரு விடியற்காலை. ஒரு பண்ணைக் குட்டைக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பச்சைப் பசேல் என்றிருந்தது. இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சுவிட்டதில் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டைக்குக் கவலையில்லை, 2-க்குக் கீழே போனால் தாங்காது. ரோகு எல்லாம் மேலே வந்து தண்ணீர்த் தோலை வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தன. குட்டை முழுக்கச் சப்புச் சப்பென்று ஒரே சத்தம். கையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஓடவில்லை. ஒரு மீனைத் தொட்டேன், அப்போதும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற குட்டைக்காரர் சொன்னார்: “சடஞ்சு போச்சுங்க.”

சடைவு. எனக்கு அந்தச் சொல்தான் தோன்றுகிறது. நம் ஊரில் களைத்துப்போனவரை ‘சடவா இருக்குதா’ என்று கேட்பதில்லையா?


ஈரோடு, மொழிபெயர்ப்பாளர் – வியாழன் விடியற்காலை

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சடைவு நல்ல சொல். ஆனால் கலைச்சொல்லுக்கு ஒரு குடும்பம் வேண்டும். கொடுப்பதற்கு ஒன்று, படுவதற்கு ஒன்று, பதில் செய்வதற்கு ஒன்று. சடை என்பதிலிருந்து பிறவினை எப்படி வரும்? சடைப்பது என்றால் முடி சடைபிடிப்பதாகிவிடும்.

என் முன்மொழிவு வாட்டம். வாடு தன்வினை, வாட்டு பிறவினை. வாட்டுவது ‘வாட்டி’, பட்ட நிலை ‘வாட்டம்’, செய்யும் பதில் ‘வாட்ட எதிர்வினை’. உழவர்கள் பயிருக்குச் சொல்வதும் இதுவே. ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்ற வள்ளலாரை அறியாத பிள்ளை இல்லை. பேராசிரியர் காட்டிய மூதுரையிலும் கொக்கு ‘வாடி’ இருக்கிறது.


சத்தியமங்கலம், ஓவர்சியர் – வியாழன் காலை

தம்பி, வாட்டம் வேண்டவே வேண்டாம்.

முப்பத்தாறு வருடம் வாய்க்கால் வேலை பார்த்தவன் நான். எங்களுக்கு வாட்டம் என்றால் சரிவு. மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கும்போது கொத்தனாரிடம் என்ன சொல்வீர்கள்? “தண்ணி ஓட வாட்டம் வைப்பா” என்பீர்கள். வாய்க்காலுக்கு வாட்டம் உண்டு, மதகுக்கு வாட்டம் உண்டு. இது ஆற்றைப் பற்றிய நூல். அணையில் மீன் ஏறுவதற்குப் படிப்படியாகத் தொட்டி கட்டுவார்களே, அதைப் பற்றியும் ஆசிரியை அம்மிணி எழுதியிருப்பார். அதற்குப் பத்தடிக்கு ஓரடி வாட்டம் என்பது வழக்கமான கணக்கு. அப்புறம் ‘வாட்டம் கூடினால் மீனுக்கு வாட்டம்’ என்று ஒரு வரி வந்தால் நானே அதைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டேன்.


கோவை, தமிழ்ப் பேராசிரியர் – வியாழன் காலை

ஓவர்சியர் அவர்களுக்கு நன்றி. வாட்டம் போனது. இனி என் முறை.

மேல்நிலை வகுப்பு இயற்பியல் நூலில் ஸ்ட்ரெஸுக்குத் தகைவு என்று இருக்கிறது. அதைக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் மட்டும் உரியதாக எண்ணிவிடாதீர்கள். தகைத்தல் என்றால் தடுத்தல், எதிர்த்து நிறுத்தல். தகை என்றால் இளைப்பு, களைப்பு என்றும் பொருள் உண்டு. அதற்குச் சான்று ஏட்டில் தேட வேண்டாம், வானத்தில் பாருங்கள். பனிக்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, பிளவுபட்ட வாலோடு, தகைவிலான் குருவி. தகைவு இலான். இளைப்பு என்பதே இல்லாமல் பறந்துகொண்டிருப்பதால் அந்தப் பெயர். அதுவும் வடக்கேயிருந்து நெடுந்தொலைவு கடந்து நம்மிடம் வரும் பறவை! நெடும்பயணத்தையும் தகைவையும் ஒரே பெயரில் கட்டிவைத்தவர்கள் நம் முன்னோர்.

ஆற்றை அணை தகைக்கிறது. தகைக்கப்பட்ட மீன் தகைவுறுகிறது. குடும்பமும் வந்துவிட்டது: தகைப்பி, தகைவு, தகைவு எதிர்வினை.


ஈரோடு, மொழிபெயர்ப்பாளர் – வியாழன் மதியம்

தகைவிலானை நான் மறந்தே போனேன். ஐயாவுக்கு என் வணக்கம்.

இருந்தாலும் ஒரு உறுத்தல். உயிரியலில் ‘ஸ்ட்ரெஸ்’ஸைப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர். இயற்பியலில் சுமைக்கு எதிராகக் கம்பிக்குள் எழும் விசை தகைவு. அதனால் கம்பியில் ஏற்படும் மாற்றம் திரிபு. செல்யே உடம்பில் ஏற்படும் மாற்றத்துக்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். திரிபுக்கு உரிய ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். அவர் தடுமாறிய இடத்தில் நாமும் ஏன் தடுமாற வேண்டும்? மீனுக்கு வருவது திரிபு.


கோவை, தமிழ்ப் பேராசிரியர் – வியாழன் மதியம்

திரிபு என்றால் தமிழ் வகுப்பில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரங்களில் ஒன்று. பொன் + குடம் பொற்குடம் ஆவது திரிபு. மீன் பொற்குடம் ஆவதில்லை. தயவுசெய்து திரிபு வேண்டாம்.


கோபி, உயிரியல் ஆசிரியை – வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. இன்று கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தேன்.

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது, அதில் ஒரு ஜிலேபிக் கெண்டை. ஒருவரும் பேசாமல் அதன் செவுள் மூடி அடிப்பதை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். பிறகு கண்ணாடியை ஒரே ஒரு தடவை தட்டினேன். முதுகுத் துடுப்பு விசிறி மடிப்பது போல மடங்கியது. உடம்பில் இருந்த பட்டைகள் கறுத்தன. மூலைக்குப் போய் அடியோடு ஒட்டிக்கொண்டது. செவுள் அடித்த வேகத்தில் பாதிப் பேர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். “மிரண்டுருச்சுங் டீச்சர்.” இப்படியே தினமும் ஒரு மாசம் தட்டிக்கொண்டிருந்தால்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மனசைப் பற்றிக் கேட்ட அதே பையன் சொன்னான்: “சடஞ்சு போயிரும்.”

அண்ணா எழுதியதை நான் அவர்களிடம் சொல்லவேயில்லை.

பிறகு தகைவு என்று கரும்பலகையில் எழுதினேன். ‘தாகம்’ மாதிரி இருக்கிறது என்றார்கள். தகைவிலான் கதையைச் சொன்னதும் பிடித்துவிட்டது. இரண்டு பேர் சன்னல் வழியே கம்பியைப் பார்த்தார்கள். இது பருவம் இல்லை, குருவி இல்லை.


ஈரோடு, மொழிபெயர்ப்பாளர் – வியாழன் இரவு

டீச்சர், செல்யே மூன்று கட்டம் சொன்னார்: முதலில் திடுக்கிடல், பிறகு எதிர்த்துத் தாங்குதல், கடைசியில் ஓய்ந்துபோதல். மிரட்சி, தகைவு, சடைவு! தகை என்றால் எதிர்த்து நிற்றல் என்று ஐயாவே சொன்னாரே. மூன்று பேர் சொல்லும் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டன.


பவானிசாகர், மீன்வளத்துறை (ஓய்வு) – வியாழன் பின்னிரவு

படிக்க நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் மீனில் நாங்கள் பார்க்கும் மூன்று படியும் செல்யேயின் மூன்று கட்டமும் ஒன்றில்லை. நாங்கள் சொல்வது இரத்தத்தில் முதலில் மாறுவது, உறுப்பில் மாறுவது, முழு மீனில் மாறுவது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று பொருத்தினால் தப்பாகிவிடும். பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய்த் திருத்திக்கொள்ள வேண்டி வரும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பனியனோ எதுவோ, சாயம் கலந்த தண்ணீர் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் வந்து 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதே, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனதே, அங்கே மீனுக்கு மிரளவும் நேரம் இல்லை, தகைக்கவும் வழி இல்லை. அணை மேலே விடாது, கீழே தண்ணீர் இல்லை. அந்த நிலைக்கும் தகைவு என்றே எழுதப் போகிறீர்களா? எனக்கு மனம் ஒப்பவில்லை.


சத்தியமங்கலம், ஓவர்சியர் – வெள்ளி காலை

எனக்குத் தகைவு சம்மதம். வாட்டம் இல்லாத எதுவும் சம்மதம்.


டொராண்டோ – வெள்ளி காலை (இங்கே இன்னும் வியாழன்)

தகைவு. சடைவு எங்கட பக்கத்தில் அவ்வளவு புழக்கம் இல்லை, விளங்கப்படுத்த வேணும்.


கோபி, உயிரியல் ஆசிரியை – வெள்ளி மாலை 4.10

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். போனது இது:

‘உல்லம் ஏறுவலசை மீன். விலாங்கு இறங்குவலசை மீன். மஹசீர் ஆற்றுவலசை மீன். மனிதர் கட்டிய அணையும் மனிதர் விட்ட கழிவும் இவற்றுக்குத் தகைவு தருகின்றன. தகைவுற்ற மீன் முதலில் மிரளும். தகைவு நீடித்தால் சடைந்துபோகும். கூட்டத்தை விட்டு விலகும், ஏற வேண்டிய காலத்தில் ஏறாது.’

‘மனிதரால்’ என்பதற்கு ‘மாந்தவினை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். யார் செய்தது என்று நேராகவே சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஒரத்துப்பாளையத்துக்குத் தனிப் பத்தி எழுதி, அதில் தகைவு என்ற சொல்லையே தவிர்த்துவிட்டேன் அண்ணா. ‘மீன்கள் செத்தன’ என்று மட்டும் இருக்கிறது.


கோவை, தமிழ்ப் பேராசிரியர் – வெள்ளி இரவு

தகைவு அச்சேறுவதில் மகிழ்ச்சி. வலசை பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது; அடுத்த பதிப்பு வரும்போது ஆறோடியை மறுபடி எடுத்து வைப்பேன்.


சத்தியமங்கலம், ஓவர்சியர் – சனி காலை

அம்மிணி, பத்தொன்பதாம் பக்கத்தில் ‘மீன் ஏணி’ என்று போட்டிருக்கிறீர்களா? அதில் மீன் ஏணி மாதிரி ஏறுவதில்லை. ஒரு தொட்டியில் இளைப்பாறி அடுத்ததற்குத் தாவும். எங்கள் பேச்சில் அது படித்தொட்டி. அச்சு ஓடுவதற்குள் மாற்ற முடியுமா?